காதலைத் துறந்தவர்களின் தசாப்தம்

தமிழ்த் திரையில் காதல் படங்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மூத்த தலைமுறையினர் தவறாமல் திரும்பிப் பார்ப்பது 1960களைத்தான். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமல்ல, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நடைபெறும் பழைய பாடல் நிகழ்ச்சிகளிலும் அந்தப் பத்தாண்டின் காதல் பாடல்களுக்கே கைதட்டல் அதிகம். ஆனால், பாடல்களை நினைவில் வைத்திருக்கும் நாம் அப்படங்களின் கதைகள் எப்படி முடிந்தன என்பதை அநேகமாக மறந்துவிட்டோம். மீண்டும் ஒருமுறை அவற்றைப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். மக்கள் மனதில் நிலைத்தவை, பெரும்பாலும், காதல் வென்ற கதைகள் அல்ல. காதலைத் துறந்தவர்களின் கதைகள்.

இந்தப் போக்குக்கு வழி திறந்தவர் சி.வி.ஸ்ரீதர் எனலாம். 1933 இல் பிறந்த அவர், 'எதிர்பாராதது' (1954), 'அமரதீபம்' (1956), 'உத்தம புத்திரன்' (1958) ஆகிய படங்களுக்கு எழுதிப் பெயர் பெற்றபின், 1959 ஏப்ரலில் வெளியான 'கல்யாண பரிசு' மூலம் இயக்குநரானார். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறைவடையவில்லை.

அன்றைய தமிழ்த் திரை, 'பராசக்தி' (1952) தொடங்கிவைத்த அடுக்குமொழி வசனங்களின் பிடியில் இருந்தது. கதாநாயகன் ஒரு காரியம் செய்வதற்குமுன் நீண்டதொரு பேருரை ஆற்றியாக வேண்டும். ஸ்ரீதரின் பாத்திரங்களோ நடுத்தர வர்க்கத்து வீடுகளில் பேசுவதுபோலச் சுருக்கமாகப் பேசினார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடவும் தெரிந்திருந்தார்கள். அத்துடன், காதலைப் பிரிக்கும் வில்லனையும் அவர் கதையிலிருந்து அகற்றிவிட்டார். தடை வெளியிலிருந்து வரவில்லை; காதலர்களின் மனச்சாட்சிக்குள்ளேயே இருந்தது.

'கல்யாண பரிசு' இதற்குத் தக்க சான்று. பாஸ்கரும் (ஜெமினி கணேசன்) வசந்தியும் (சரோஜாதேவி) ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். வசந்தியை ஆளாக்கிய அக்கா கீதாவும் (விஜயகுமாரி) அதே பாஸ்கரை மனதில் வரித்துவிடுகிறாள். இதை அறிந்த வசந்தி தன் காதலை மறைத்து, அக்காவுக்கே அவனை மணம் செய்துவைக்கிறாள். காலப்போக்கில் உண்மை தெரிந்து கீதா ஒரு குழந்தையை விட்டுவிட்டு இறக்கிறாள். பாஸ்கர் வசந்தியைத் தேடி அலைந்து கண்டடையும் வேளையில் அவளுக்கு இன்னொருவருடன் திருமணம் முடிந்துவிடுகிறது. கையிலிருக்கும் குழந்தையையே கல்யாணப் பரிசாக அவளிடம் ஒப்படைத்துவிட்டு அவன் போகிறான்.

இக்கதையில் கெட்டவர் எவருமில்லை. ஆயினும் மூவரின் வாழ்வு சிதைந்துபோகிறது. ஏ.எம்.ராஜாவின் இசையும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்களும், 'மன்னார் அண்ட் கம்பெனி'யில் வேலை பார்ப்பதாகப் பொய் சொல்லும் தங்கவேலுவின் நகைச்சுவையும் அந்தச் சோகத்தைத் தாங்கிப் பிடித்தன. பட்டுக்கோட்டையார் அதே ஆண்டு ஒக்டோபரில் 29 வயதில் மறைந்தார். படம் தெலுங்கிலும், ராஜ்கபூர் நடிக்க 'நஸ்ரானா' (1961) என்ற பெயரில் ஹிந்தியிலும் எடுக்கப்பட்டது.

பின்னர் ஸ்ரீதர் 'சித்ராலயா' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். காஷ்மீரில் படமாக்கப்பட்ட 'தேன் நிலவு' (1961) அதன் முதல் படைப்பு. மறு ஆண்டில் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' முற்றிலும் வேறானது. கதை முழுவதும் ஏறத்தாழ ஒரே வைத்தியசாலைக்குள் நிகழ்கிறது. நட்சத்திர மதிப்பு மிக்க கதாநாயகர்கள் எவரையும் நம்பாமல், கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன் ஆகிய மூவரைக்கொண்டு குறுகிய நாள்களில் இப்படத்தை எடுத்து முடித்தார். கட்டிலைச் சுற்றியும் அதன் அடியிலிருந்தும் பார்த்த ஏ.வின்சென்ட்டின் கமெரா, நான்கு சுவர்களுக்குள் ஒரு முழுப் படத்தையும் சலிப்பின்றி நகர்த்த முடியும் என்று காட்டியது.

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட வேணுவை அவனது மனைவி சீதா வைத்தியசாலைக்கு அழைத்து வருகிறாள். அங்கே சிகிச்சை அளிக்கவேண்டிய வைத்தியர் முரளி, அவளை முன்னொரு காலத்தில் காதலித்தவர். இதை அறிந்த கணவன் மனைவியிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறான். தான் இறந்துவிட்டால் அவள் அந்த வைத்தியரையே மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அது.

1962 இல், தமிழ்த் திரையில், சாகும் தறுவாயிலிருக்கும் ஒரு கணவனின் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இந்து விதவைகளின் மறுமணத்தை அனுமதித்த சட்டம் 1856 இலேயே வந்துவிட்டது. ஒரு நூற்றாண்டு கடந்தபின்னும் தமிழ்க் குடும்பங்களில் அது உரத்துப் பேசக்கூடாத விடயமாகவே இருந்தது. ஸ்ரீதர் பேசினார். ஆனால் பேசியதைக் கதை நிறைவேற்றவில்லை. இரவு பகலாக உழைத்துக் கணவனைக் காப்பாற்றும் வைத்தியர் தாமே மாண்டுபோகிறார். சீதா எந்த முடிவையும் எடுக்கவேண்டிய தேவை எழாமலே படம் நிறைவடைகிறது. திறந்த கதவைக் கதையே மெல்லச் சாத்திவிட்டது.

மூன்றாண்டுகள் கழித்து அதே கதவின் முன் அவர் மீண்டும் வந்து நின்றார். 1965 இல் வெளியான 'வெண்ணிற ஆடை'யின் நாயகி, திருமணமான உடனேயே கணவனை இழந்து மனநிலை பாதிக்கப்பட்ட இளம்பெண். அவளுக்குச் சிகிச்சை அளிக்க வரும் வைத்தியரிடம் அவள் மனம் செல்கிறது. அவரோ வேறொரு பெண்ணை விரும்புபவர். முடிவில் அவளுக்குக் கிடைப்பது படத்தின் தலைப்பிலிருக்கும் அந்த ஆடைதான். தமிழில் ஜெயலலிதா அறிமுகமான படம் இது. வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழ் பெற்ற அப்படம் வெளியானபோது நாயகிக்கே வயது 17.

இந்த மூன்று படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மனைவியை இழந்த பாஸ்கர், கையில் குழந்தையுடன் பழைய காதலியைத் தேடிப் புறப்படலாம். அவனைத் தடுப்பது காலதாமதம் மட்டுமே. அவன் தேடிச் சென்றது தவறென்று எந்த ரசிகரும் நினைக்கவில்லை. கணவனை இழக்கும் நிலையிலுள்ள சீதாவுக்கோ, இழந்துவிட்ட அந்த இளம்பெண்ணுக்கோ அந்தப் பயணம் இல்லை. ஒருத்திக்காக வைத்தியர் இறந்துவிடுகிறார். இன்னொருத்திக்கு வைத்தியர் ஏற்கனவே வேறொருத்திக்கு உரியவர். தியாகம் என்ற பொதுப்பெயரில் நாம் போற்றியதில் ஆணின் பங்கும் பெண்ணின் பங்கும் ஒன்றாக இருக்கவில்லை.

அப்படியானால் காதல் வென்ற படங்களே இல்லையா? இருந்தன. 1964 இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யை எவர்தான் மறப்பார்? மலாயாவில் பிறந்து தமிழகம் வந்த ரவிச்சந்திரன் அதில் அறிமுகமானார். ஈஸ்ட்மன் வண்ணத்தில், சித்ராலயா கோபுவின் நகைச்சுவைத் துணையுடன் உருவான அப்படத்தில் ஒரு துளி கண்ணீரும் இல்லை. 'ஓஹோ புரொடக்சன்ஸ்' அதிபர் செல்லப்பாவாக நாகேஷ் தன் தந்தை பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி, இன்றும் இணையத்தில் இளைஞர்கள் பார்த்துச் சிரிக்கும் காட்சி.

எனினும் அந்தச் சிரிப்புக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. பணத்தாசை பிடித்த தந்தையின் மகளை மணப்பதற்கு, வேலை இழந்த இளைஞன் கோடீஸ்வரன் மகனாக வேடம் போடவேண்டியிருக்கிறது. நண்பன் ஒட்டுத்தாடியுடன் அவனுக்குத் தந்தையாக நடிக்க வேண்டியிருக்கிறது. காதல் வெல்ல வேண்டுமானால் அது வேடிக்கையாக இருக்க வேண்டும். உண்மையாக வலித்தால் துறந்துவிட வேண்டும். அந்தத் தசாப்தம் எழுதாமல் கடைப்பிடித்த விதி இதுவே.

விதிவிலக்காக ஒரு படம் நினைவுக்கு வருகிறது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரைத் தழுவி, ஏ.பி.நாகராஜன் நெறியாள்கை செய்த 'தில்லானா மோகனாம்பாள்' (1968). நாதஸ்வரக் கலைஞனும் நாட்டியக் கலைஞியும் சமநிலையில் நின்று மோதுகிறார்கள், காதலிக்கிறார்கள். மகளைச் செல்வந்தர் ஒருவரிடம் சேர்த்துவிடத் துடிக்கும் தாயை மோகனா நேருக்குநேர் எதிர்க்கிறாள். தடை இன்னதென்று பெயர் சொல்லப்பட்டது. அதனால் அதை வெல்லவும் முடிந்தது.

இப்படங்களின் புகழைக் கடல் கடந்து பரப்பியதில் இலங்கை வானொலிக்குப் பெரும் பங்குண்டு. இந்தியாவில் அமைச்சர் கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது, கொழும்பிலிருந்து ஒலித்த தமிழ் வர்த்தக சேவைக்குத் தமிழகமே காது கொடுத்தது. எஸ்.பி.மயில்வாகனனின் குரல் அங்கு வீட்டுக்கு வீடு அறிமுகமானது. படம் பார்க்க அனுமதி கிடைக்காத வீட்டுப் பெண்களுக்கும் அந்தப் பாடல்கள் சமையலறைவரை வந்து சேர்ந்தன. கதையின் முடிவு படமாளிகையில் தங்கிவிட, காதல் மட்டும் காற்றில் தனியே பயணித்தது. நாம் இன்று முடிவுகளை மறந்து பாடல்களை மட்டும் நினைவுகூர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படங்கள் சொல்லாமல் விட்ட சொல் ஒன்றும் உண்டு. அது சாதி. தமிழ்ச் சமூகத்தில் காதலின் முதற்பகை அதுதான் என்பதை அன்று படம் பார்த்த அனைவரும் அறிவர். ஆனால் ஸ்ரீதரின் காதலர்கள் அக்காவுக்காகப் பிரிந்தார்கள், நோயால் பிரிந்தார்கள், விதியால் பிரிந்தார்கள். 1967 இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. சட்டம் துணிந்த அளவுக்குத் திரை துணியவில்லை. எமது மண்ணில், யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' (1977) சாதியையும் சீதனத்தையும் பேசியது. வர்த்தக ரீதியில் அது வெற்றி பெறவில்லை. தமிழகத்தில் 'காதல்' (2004), 'பரியேறும் பெருமாள்' (2018) போன்ற படங்கள் அந்தப் பகையைப் பெரும்பான்மை ரசிகர்களிடம் நேரடியாகக் கொண்டுசென்றபோது பல பத்தாண்டுகள் கடந்திருந்தன.

இதனால் 60களின் படங்கள் பெறுமதி குறைந்தவை ஆகிவிடா. சொந்த விருப்பத்தை வெளியில் சொல்லவே அஞ்சிய ஒரு தலைமுறைக்கு, விருப்பம் என்ற ஒன்று உண்டு என்பதை அவைதாம் கற்பித்தன. ஜாதகமும் சீதனமும் தீர்மானித்த வாழ்வுக்குள் சென்றவர்கள், தாம் இழந்தது எதுவென்று அந்த இருட்டில் அமர்ந்து அடையாளம் கண்டார்கள். அவர்கள் சிந்திய கண்ணீரில் வசந்திக்காகவும் சீதாவுக்காகவும் சிந்தியது எவ்வளவு, தமக்காகச் சிந்தியது எவ்வளவு என்பதை எவரும் அவர்களிடம் கேட்கவில்லை.

ஸ்ரீதர் 2008 ஒக்டோபரில் மறைந்தார். அப்படங்களை முதல் வெளியீட்டில் பார்த்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். வீட்டில் அத்தகைய மூத்தவர் ஒருவர் இருந்தால், அவருடன் அமர்ந்து 'கல்யாண பரிசு' படத்தை ஒருமுறை பாருங்கள். படம் முடிந்தபின் அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள்.