ஹோயா: சேகரிப்போர் எதை மதிக்கிறார்கள்?

ஹோயா என்பது எருக்கு, அரளி, நன்னாரி முதலியவை அடங்கிய அப்போசினேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம். இதன் இனங்களில் பெரும்பாலானவை காட்டு மரக்கிளைகளில் தொற்றிப் படரும் கொடிகள். தொற்றியிருக்கும் மரத்திலிருந்து சாறு எதையும் உறிஞ்சாதவை. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, நியூகினி, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை 500க்கு மேற்பட்ட இனங்கள் பரவியுள்ளன. மேற்கு லண்டனில் உள்ள சையன் மாளிகையில் நார்தம்பர்லாந்து கோமகனின் தோட்டத்தைப் பராமரித்த தாமஸ் ஹாய் என்பவரின் பெயரை 1810இல் தாவரவியலர் ராபர்ட் பிரவுன் இந்தப் பேரினத்துக்குச் சூட்டினார். ஒரு தோட்டக்காரரின் பெயர் அமைந்தது பொருத்தம்தான். இன்றும் இந்தச் செடியைப் பற்றி அதிகம் பேசுவது வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களே. அவர்கள் ஒரு ஹோயாவைத் தேர்ந்தெடுக்கும்போது எதை முதலில் பார்க்கிறார்கள் என்பதும், எதை முதலில் பார்ப்பது தகும் என்பதும் வேறு வேறு கேள்விகள். சந்தையில் விலையைத் தீர்மானிப்பது இலை. செடி பிழைக்குமா, பூக்குமா என்பதைத் தீர்மானிப்பது அது பிறந்த இடம். பண்ணுருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகை, அதற்குத் தென்மேற்கே நெய்வேலி நகரியம் என வெப்பம் மிகுந்த கடலூர் மாவட்டச் சமவெளியிலிருந்து பார்த்தால் இந்த இரண்டாவது அளவையே முன்னுக்கு வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இலை முதலிடம் பிடித்ததற்குக் காரணம் எளிது. பூவுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். இலை கொரியர் பெட்டியைப் பிரித்தவுடனேயே கைக்கு வந்துவிடுகிறது. கைப்பேசித் திரையில் விற்பதற்கும் இலைதான் தோது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கோபியா நர்சரி, சீனம் முதலிய நாடுகளுக்குரிய ஹோயா கார்னோசாவிலிருந்து, இலை விளிம்பு வெளுத்த 'கிரிம்சன் குவீன்', இலை நடு வெளுத்த 'கிரிம்சன் பிரின்சஸ்' ஆகிய வகைகளைப் பரப்பி இந்த ரசனைக்கு நெடுநாள் முன்பே பாதை போட்டது. இலைகள் முறுக்கிச் சுருண்டு கயிறுபோல் தொங்கும் 'காம்பாக்டா'வும் அதே கார்னோசாதான். ஹோயா பியூபிகேலிக்ஸ் இலையில் வெள்ளிப் பொட்டுகள் தெளித்தாற்போல் இருக்கும். அதைச் சேகரிப்போர் 'ஸ்பிளாஷ்' என்பார்கள், பொட்டு கூடக் கூட விலையும் கூடும். தாய்லாந்தின் டோய் சுதேப் மலையில் ஆர்தர் கெர் என்ற மருத்துவர் கண்டெடுத்து, 1911இல் அவர் பெயராலேயே விவரிக்கப்பட்ட ஹோயா கெர்ரியின் இலை இதய வடிவம் கொண்டது. காதலர் தினத்தை ஒட்டி அந்த ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் செருகி விற்கிறார்கள். கணுத்துண்டு ஒட்டாத இலை வேர்விடும், ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஆனால் கொடி கிளம்பாது. இலையை மட்டும் மதித்து வாங்குவதன் எல்லை எது என்பதை அந்தச் சிறு தொட்டி கண்முன்னே காட்டுகிறது.

அடுத்ததாகச் சொல்லப்படும் மதிப்பு அருமை, அதாவது எளிதில் கிடைக்காமை. இதை நிலையான மதிப்பாகக் கொள்வதில் இடர் இருக்கிறது. வெள்ளை கலந்த இலையுள்ள செடி பலவற்றில் பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் ஒரே தண்டில் அடுத்தடுத்து வளர்கின்றன. வெள்ளைப் பகுதியால் உணவு தயாரிக்க முடியாது. அதனால் செடி மெதுவாக வளரும், மெதுவாகவே கட்டிங் (நடுவதற்கு வெட்டும் தண்டுத்துண்டு) தரும், அதனாலேயே விலை ஏறும். முழுப் பச்சைக்குத் திரும்பும் கிளையை அவ்வப்போது வெட்டாமல் விட்டால் அது வேகமாக வளர்ந்து வெள்ளைக் கிளைகளை ஓரங்கட்டிவிடும். ஆக, இங்கே விலை என்பது பெரும்பாலும் பெருக்க எடுக்கும் காலத்தின் விலை. ஒரு பெரிய நர்சரி திசு வளர்ப்பிலோ வெப்பக்கூடத்திலோ ஆயிரக்கணக்கில் பெருக்கிவிட்டால் அந்த அருமை இரண்டே பருவங்களில் கரைந்துவிடும். பெருந்தொற்றுக் காலத்தில் உச்சிக்குப் போன அலங்காரச் செடி விலைகள் பின்னர் சரிந்ததைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. செடியை முதலீடாகப் பார்ப்பவர் பங்குச் சந்தையையே பார்த்துக்கொள்ளலாம். அங்கே மாவுப்பூச்சியாவது வராது.

பூவுக்கு வருவோம். ஒரு காம்பின் நுனியில் பத்து முதல் முப்பது வரை பூக்கள் குடைபோல் திரளும். ஒவ்வொரு பூவும் மெழுகில் வார்த்தது போன்ற ஐந்து இதழ் நட்சத்திரம். அதன் நடுவில் இன்னொரு சிறு ஐந்துமுனைக் கிரீடம். எருக்கம்பூவை உரித்து அதன் நடுக்கிரீடத்தை எடுத்து விளையாடியிருக்கும் எவரும் இந்த அமைப்பை உடனே அடையாளம் காண்பார்கள். குடும்ப உறவு அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. இரவில் மணம் கூடும் இனங்கள் பல. லாகுனோசாவின் சின்ன வெள்ளைப் பூவில் லவங்கப்பட்டை வாசம் அடிக்கும் என்பார்கள். போர்னியோ முதலிய இடங்களின் இம்பீரியாலிஸ் பூ ஒன்றே உள்ளங்கையை நிறைக்கும். பூ உதிர்ந்தபின் காம்பு மட்டும் மொட்டையாக நிற்கும். அதிலிருந்தே மறுபடி மறுபடி பூக்கும் இனங்கள் அதிகம் என்பதால் அதை வெட்டக்கூடாது. புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, காய்ந்த குச்சி என்று நினைத்து அதைக் கிள்ளிப் போடுவதுதான்.

திருவதிகையில் பூவுக்கு வேறொரு அளவையும் உண்டு. அட்ட வீரட்டங்களுள் ஒன்றான வீரட்டானேசுவரர் கோயிலில் அலகிடுதல், மெழுகுதல், பூக்கொய்து மாலை தொடுத்தல் ஆகிய தொண்டுகளைத் திலகவதியார் செய்ததையும், சூலை நோயோடு வந்த தம்பி திருநாவுக்கரசரை அங்கே வரவேற்றதையும் பெரியபுராணம் சொல்கிறது. இந்த ஊர் மரபில் ஒரு செடியின் தகுதி, கொய்து தொடுக்கத் தக்க பூ நாள்தோறும் தருகிறதா என்பதே. ஹோயா அந்தத் தேர்வில் தேறாது: பூவில் தேன் கசிந்து பிசுபிசுக்கும், எறும்பு மொய்க்கும், பறித்தால் அடுத்த பூவுக்கான காம்பும் போய்விடும். இதனால்தான் மல்லிகையும் அரளியும் குடியிருந்த முற்றத்துக்குள் ஹோயா இலைச்செடியாக நுழைந்தது; அதை இலைச்செடியாகவே வைத்துக்கொள்வது வளர்ப்பவருக்கு நட்டம். பூக்காத ஹோயா பாதிச் செடி. அது பூக்க வேண்டுமென்றால் எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும், சில நாள் தாண்டும். தை மாத இரவிலும் 20 பாகைக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்க்கும். ஹோயா கார்னோசா உள்ளிட்ட இனங்கள் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்பவை. எனவே இரவு வெப்பம் பகல் வெப்பத்தைப் போலவே கணக்கில் வர வேண்டும். இமயமலை ஈரக்காடுகளில் மென்மயிர் படர்ந்த ஊசி இலைகளோடு தொங்கும் லீனியாரிஸ், மீன்வால் போன்ற இலை கொண்ட பாலிநியூரா ஆகியவை குளிர்ந்த இரவு கேட்பவை. தாவரச் சேகரிப்பாளர் தாமஸ் லாப் பர்மா மலையிலிருந்து அனுப்பி, 1848இல் இங்கிலாந்தில் புகழ்பெற்ற பெல்லாவும் அந்த வகைதான். இவை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சோபிக்கலாம். நெய்வேலிக் குடியிருப்பின் வராந்தாவில் மே மாதம் தாண்டுவது கடினம். மாறாக, தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்த பியூபிகேலிக்ஸ், ஆஸ்திராலிஸ், ஓபோவேட்டா, கெர்ரி, டைவர்சிஃபோலியா போன்றவை பாதி நிழலும் காற்றோட்டமும் கிடைத்தால் இந்த வெயிலைத் தாங்கி வளரும். கார்னோசா இரண்டுக்கும் இடையில் நிற்கிறது: சமவெளியில் இலை நன்றாகத் தழைக்கும், ஆனால் குளிர்கால ஓய்வு கிடைக்காததால் பூப்பதில் கஞ்சத்தனம் காட்டும். இந்த ஊர்க்காரர்கள் பலர் முதலில் வாங்குவது அதைத்தான், பூக்கவில்லையே என்று முதலில் குறைபட்டுக்கொள்வதும் அதைப் பற்றித்தான்.

பிறப்பிடம் பற்றிய தகவலைக் காப்பதில் உலகச் சேகரிப்பாளர்களே முன்னோடிகள் என்பது இந்த வாதத்துக்கு வலுவான சான்று. ஹோயாவின் மகரந்தம் தூளாக உதிராமல் கட்டியாக இருப்பதால் அதற்கென்றே அமைந்த பூச்சி இல்லாத வீட்டில் காய் பிடிப்பது அபூர்வம். செடி கைமாறுவதெல்லாம் கட்டிங் வழியாகவே. ஒரே தாய்ச்செடியின் துண்டுகள் கண்டம்விட்டுக் கண்டம் போகும்போது பெயரும் பிறப்பிடமும் எழுதிய சீட்டு தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. கென்டியானா என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் வயேட்டி என்ற குழப்பம் இப்படி வந்ததுதான். ஆஸ்திரேலியாவில் டேவிட் லிடில் தம் மனைவி ஐரிஸ் மேரியின் முதலெழுத்துகளைக் கொண்டு ஒவ்வொரு செடிக்கும் ஐ.எம்.எல். எண் கொடுத்து வைத்தார். தேர்ந்த சேகரிப்பாளர் இன்றும் இனப்பெயரோடு அந்த எண்ணையும் விசாரிக்கிறார். ஒரே இனத்தில் ஒரு எண்ணுள்ள செடி எளிதில் பூக்கிறது, இன்னொன்று மசிவதில்லை என்ற அனுபவ அறிவு அந்த எண்ணோடு சேர்ந்தே கைமாறுகிறது.

தமிழ்நாட்டுக்கும் சொந்த ஹோயாக்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை அரசில் மருத்துவராக வந்து தாவரவியலராக மாறிய ராபர்ட் வைட் 1834இல் வெளியிட்ட நூலில் எருக்குக் குடும்பத்தை விரிவாக எழுதினார். அவருக்காகத் தென்னிந்தியச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள். ஓவாலிஃபோலியா, பாசிஃபுளோரா, வைட்டின் பெயரையே தாங்கிய வைட்டி ஆகியவை மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளர்கின்றன. முதலிரண்டும் இலங்கையிலும் உண்டு. கன்னியாகுமரி மாவட்ட மலையிலிருந்து ஏ.என். ஹென்றியும் சுவாமிநாதனும் 1970களின் இறுதியில் விவரித்த ஹோயா கன்யாகுமரியானா, சிறிய தடித்த இலைகள் நெருங்கி அமைந்த அழகான செடி. வெளிநாட்டு நர்சரிப் பட்டியல்களில் அது இடம்பெற்றிருக்கிறது. குமரி மலைச் செடியைத் தமிழர் கடல்கடந்து வரவழைக்கும் நிலை வேடிக்கையானது. ஆனால் ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டுச் செடி என்பதாலேயே அது திருவதிகைக்கு ஏற்றது ஆகிவிடாது. மழைக்காட்டு மலைச்சரிவுக்கும் கெடிலச் சமவெளிக்கும் இடையே உள்ள வேறுபாடு மாநில எல்லைக்குள் அடங்கிவிடுவதால் குறைந்துவிடுவதில்லை.

பிறப்பிடத்தை முன்னிறுத்தும் இந்த நிலைப்பாட்டுக்கு எழக்கூடிய மறுப்புகளில் இரண்டு வலுவானவை. கண்ணாடி அலமாரி, வளர்ப்பு விளக்கு, ஈரப்பதக் கருவி, குளிர்சாதனம் இருக்கும்போது பிறப்பிடம் ஏன் பொருட்படுத்தப்பட வேண்டும் என்பது ஒன்று. உண்மைதான், அப்படி வளர்த்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குளிரைப் பகலிரவாகத் தர மின்கட்டணம் ஆண்டு முழுதும் ஓடும், ஒரு நாள் நீண்ட மின்தடை வந்தால் கதை முடியும். 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல் இந்த மாவட்டத்தின் பலா, முந்திரி மரங்களை வேரோடு சாய்த்து, பல நாள் மின்சாரத்தையும் இல்லாமல் செய்தது. இரண்டாவது மறுப்பு, அழகுக்காக வாங்குபவரிடம் புவியியல் பாடம் நடத்துவது எதற்கு என்பது. பிடித்த இலையை வாங்க வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஒரே மாதிரி அழகுள்ள பத்து இனங்களில் எதை எடுப்பது என்ற இடத்தில்தான் பிறப்பிடம் பேச வேண்டும். வெள்ளிப் பொட்டு வேண்டுமென்றால் பியூபிகேலிக்ஸ் தருகிறது. அதற்காக இமயமலை இனத்தைச் சமவெளிக்கு இழுத்துவந்து வதைக்கத் தேவையில்லை.

இனம் முடிவானபின் தனிச்செடியைப் பார்க்க வேண்டும். வேர்விடாத ஒற்றைக் கட்டிங்கைவிட, மூன்று நான்கு கணுவும் வெள்ளை வேர்நுனியும் உள்ள செடி விலை கூடினாலும் மலிவு. இலைக்காம்பு இடுக்கில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியைத் தேட வேண்டும். பண்ணுருட்டிச் சாலையோர எருக்கஞ்செடியின் குருத்தில் கூட்டமாய் அப்பியிருக்கும் மஞ்சள் அசுவினி ஹோயாவின் இளங்கொழுந்துக்கும் வரும். இரண்டும் ஒரே குடும்பம், பூச்சிக்கும் அது தெரியும். செம்மண்ணை அழுத்தி நிரப்பிய தொட்டி ஐப்பசி மழையில் சேறாகி வேரை அழுகவைத்துவிடும். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த செங்கல் கலந்த கலவையே ஏற்றது. நேரடி மேற்கு வெயில் ஆகாது, நிழல்வலை போதும். மலைக்காட்டிலிருந்து பிடுங்கி விற்கப்படும் செடியையும், தாவர நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் பொட்டலமாக வந்த செடியையும் சேகரிப்பாளர் வாங்கக்கூடாது. வனச்சட்டங்களும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையும் இதைத் தடுக்கின்றன. தவிர, அப்படி வரும் செடியில் இனப்பெயர் எழுதிய நம்பகமான சீட்டை எதிர்பார்ப்பதும் வீண்.