யார் இந்த பத்மினி பிரகாஷ்? கோவையில் இருந்து செய்தி வாசித்த முதல் திருநங்கை!

2014 ஆகஸ்ட் 15, சுதந்திர தினம். கோவையில் இருந்து ஒளிபரப்பான லோட்டஸ் நியூஸ் சேனலின் இரவு 7 மணி செய்தியை வாசித்தார் பத்மினி பிரகாஷ். இந்திய டிவியில் தினசரி செய்தி வாசித்த முதல் திருநங்கையாக அறியப்படுபவர் இவர்தான்.

பின்னணி என்ன?

குடும்பம் ஏற்காததால் சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறியவர் பத்மினி. ஒரு கட்டத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று, காப்பாற்றப்பட்டார். பி.காம் படிப்பையும் பாதியில் விட வேண்டியதாப் போச்சு. ஆனாலும் முடங்கிவிடவில்லை. பரதநாட்டியம் ஆடினார், திருநங்கைகளுக்கான அழகிப் போட்டிகளில் வென்றார், சீரியலில் நடித்தார், திருநங்கைகளின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார்.

செய்தி வாசிப்பாளர் ஆனது எப்படி?

சேனல் நிர்வாகமே வாய்ப்பு கொடுத்தது. உச்சரிப்பு தெளிவா இருக்கணும், வேகம் சீரா இருக்கணும் என்பதுதான் அவருக்கு இருந்த கவலை. புதிதாகச் செய்தி வாசிக்க வரும் யாருக்கும் இருக்கும் அதே கவலை!

இதில் என்ன பெரிய விஷயம்?

டிவியில் திருநங்கைகள் தோன்றியது அது முதல்முறை இல்லை. 2008-லேயே விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார் ரோஸ். ஆனால், செய்தி வாசிப்பு வேற மாதிரி. அங்கே வாசிப்பவரின் சொந்தக் கதைக்கு இடமில்லை. தேர்தலோ, மழையோ, விபத்தோ, அவர் சொல்வதை மக்கள் நம்பிக் கேட்கணும். கடை கேட்பதையும் பாலியல் தொழிலையும் விட்டால் பிழைக்க வழியில்லை என்று பல திருநங்கைகள் தவித்த நேரத்தில், ஒருவருக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

திருநர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஏப்ரல் 15-ல். சரியாக நான்கு மாதத்தில் பத்மினி திரையில் வந்தார். வேலையில் திருநர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 2019-ல்தான் வந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே கோவை சேனல் வேலை கொடுத்துவிட்டது.

மற்ற நாடுகளில்?

பாகிஸ்தானில் 2018-ல் மார்வியா மாலிக், வங்கதேசத்தில் 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று தஷ்னுவா அனான் ஷிஷிர் ஆகியோர் அந்தந்த நாட்டின் முதல் திருநங்கை செய்தி வாசிப்பாளர்கள் ஆனார்கள். இருவருக்கும் முன்பே இதைச் செய்து காட்டியது நம்ம கோவை.

(மன உளைச்சலா? தமிழக அரசின் 104 உதவி எண்ணை அழைத்துப் பேசுங்கள்.)