காதளவு நீரும் கரையளவு வெள்ளமும்

கோகர்ணம் என்றால் பசுவின் காது. காமதேனு கங்கை நீரைத் தன் காதில் நிரப்பிக்கொண்டு வந்து சிவபெருமானுக்கு அபிஷேகம் செய்ததாகவும், அதனாலேயே இந்த ஊருக்குத் திருக்கோகர்ணம் என்று பெயர் வந்ததாகவும் தல புராணம் சொல்கிறது. இன்று புதுக்கோட்டை நகரின் ஓர் அங்கமாகிவிட்ட இந்த ஊர்க் கோயில், பாறையைக் குடைந்து எடுத்த பழைய கோயில். இங்கே குடிகொண்டிருக்கும் பிரகதாம்பாள்தான் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். மிளகைவிடச் சற்றே பெரிதான அம்மன் காசில் ஒரு பக்கம் அவள் உருவம் இருக்கும்.

பக்தர்கள் புராணத்தைப் பக்தியோடு கேட்கட்டும். சரித்திரத்தைத் தேடுகிற நமக்கோ அதிலே வேறொரு விஷயம் தட்டுப்படுகிறது. தஞ்சாவூர்க்காரன் இப்படி ஒரு கதை கட்டியிருப்பானா? அவனுக்குக் காவிரி வாசலில் வந்து நின்றது. தண்ணீரைக் காதளவாக அளந்து சேர்த்தவன்தான் பிழைப்பான் என்ற பூமியில் பிறந்த கதை இது.

பழைய சமஸ்தானத்தின் பெரும்பகுதி செம்மண்ணும் சுக்கான் பாறையும்தான். வெள்ளாறு உண்டு, ஆனால் வருஷத்தில் பல மாதம் அது மணலாறு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் பிளந்துகொண்டு கொட்டும். நாலு நாளில் கொட்டியதை நாலு நாளிலேயே கடலுக்கு விட்டுவிட்டால், தையில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. விடாமல் வைத்துக்கொள்வதற்கும் இடம் வேண்டுமே! அதற்காகத்தான் சரிவு கண்ட இடமெல்லாம் பிறைச் சந்திரன் போல் மண்கரை போட்டார்கள். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படி 5000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. நகரை ஒட்டிய கவிநாட்டுக் கண்மாயைப் போல் கடலாய் விரிந்தவையும் உண்டு. ஒரு சிற்றூரின் நாற்பது ஐம்பது ஏக்கருக்கு மட்டும் பாய்கிற குட்டிகளும் உண்டு.

கண்மாய் என்றதும் நமக்கு நெல் வயல் நினைவு வருகிறது. அதே கரை வெள்ளத்துக்கும் கடிவாளம் என்பதை மறந்துவிடுகிறோம். மேலூர்க் கண்மாய் நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியாக வழிந்து கீழூர்க் கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. ஒரே மூச்சில் ஓடிவர வேண்டிய வெள்ளம் ஒவ்வொரு கரையிலும் தங்கி, இளைப்பாறி, சாதுவாகி வெள்ளாற்றை அடைகிறது. மாபெரும் அணை ஒன்று செய்கிற வேலையை நூறு சின்ன மண்ணணைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. மேல்கரை ஒன்று உடைந்தால், மழைநீரோடு அந்தக் கண்மாயில் இருந்த அத்தனை நீரும் சேர்ந்து கீழ்க்கரை மேல் மோதும். அதன் கலிங்கு அவ்வளவையும் விழுங்க முடியாது. மண்கரையின் மேல் நீர் ஒரு சாண் ஏறி வழியத் தொடங்கினால் போதும், பிறகு அந்தக் கரை கரைந்து போக வெகுநேரம் வேண்டாம். கரை உடைய மேலே வழிய வேண்டும் என்றுகூட இல்லை. நண்டு வளையும் எலி வளையும் போதும். முதலில் சேற்று நீராய்க் கசியும், பிறகு வாய் திறக்கும். அதனால்தான் அடைமழை இரவுகளில் கிராமத்தார் பந்தத்தோடு கரையில் காவல் இருந்தார்கள். கசிவு கண்டால் வைக்கோலும் தழையும் மண்ணும் கொண்டு அடைப்பார்கள். தன் கரை தப்பினால் போதும் என்று இருட்டிலே கரையை வேறு பக்கம் வெட்டி, அடுத்த ஊர் வயலில் வெள்ளத்தைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. பங்காளிச் சண்டையைவிட நீர்ச் சண்டை நீண்டது என்பது கிராமம் அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மண்ணை யார் சுமந்தார்கள்? சமஸ்தானத்துக்கு வெளியே, சென்னை ராஜதானியில், 1858-ல் ஒரு சட்டமே வந்தது. கரை உடையும் அபாயம் வந்தால், சுற்றுவட்டாரத்தில் உடல் வலுவுள்ள உழைப்பாளி ஆண்களைக் கிராமத் தலைவர் வேலைக்குக் கட்டாயமாக அழைக்கலாம்; மறுத்தால் தண்டனை. "உழைப்பாளி வகுப்பு" என்று சட்டம் ஜாக்கிரதையாகவே சொல்லியிருக்கிறது. உடைப்பெடுத்தால் மச்சுவீட்டு நெல்லும்தான் மிதக்கும். கூடை தூக்க மட்டும் மச்சுவீட்டுக்கு அழைப்பில்லை!

புதுக்கோட்டையில் இந்தக் கண்மாய்களின் அருமை தெரிந்து நடந்துகொண்டவர் சேஷையா சாஸ்திரி. திருவாங்கூரில் திவானாக இருந்துவிட்டு, தாது வருஷப் பஞ்சம் நாட்டை உலுக்கிய சமயத்தில், 1878-ல் இங்கே வந்து பொறுப்பேற்றார். 1894 வரை இருந்தார். நகரத்துப் புதுக்குளம், பல்லவன் குளம் ஆகியவற்றைச் சீர்திருத்தினார். விளைச்சலில் சர்க்கார் பங்கு வாங்கும் அமானி முறையை ஒழித்ததும் அவரே. அவர் பெயர் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது, நிலைக்க வேண்டியதுதான்.

அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தச் சீமையில் பெயர் பொறிக்கிற வழக்கம் இருந்திருக்கிறது. கண்மாயின் உள்ளே நீருக்கு நடுவில் இரண்டு கல்தூண்கள் நிற்பதை வாசகர்கள் ரயிலில் போகும்போது பார்த்திருக்கலாம். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்பலகையில் உள்ள துளையைத் திறந்தால் தெளிந்த நீர் இறங்கும், பக்கத்துச் சிறு துளைகள் வழியே வண்டல் வெளியேறும். இரண்டும் கரைக்கு அடியில் ஓடும் கால்வாய் வழியாக வயலுக்குப் போய்விடும். தூர்வாரும் வேலையில் பாதியைத் தண்ணீரின் தலையிலேயே கட்டிவிட்ட சாமர்த்தியம்! அந்தத் தூண்களில் தூம்பு அமைத்தவன் பெயரை வெட்டி வைத்தார்கள். ஏரியைப் பராமரிக்க ஏரிப்பட்டி என்று நிலமும் ஒதுக்கினார்கள். கரைக்கு மண் கொட்டியவர்களின் பெயரை எழுத மண்ணில் இடமில்லை.

கண்மாய்களை இன்று கெடுப்பது வெள்ளம் மட்டுமல்ல. வரத்துக்காலில் வீடு, உள்வாயில் சீமைக்கருவேலம், கலிங்குக்குக் கீழே மனைப் பிரிவு. நீர் வரும் வழியும் போகும் வழியும் அடைபட்ட பிறகு கரையை மட்டும் உயர்த்தி என்ன செய்ய? 2017-ல் அரசாங்கம் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜாப் புயல் இந்த மாவட்டத்தின் தென்னைகளை அடியோடு சாய்த்தது. மறு வருஷமே கொத்தமங்கலம் பக்கத்து இளைஞர்கள் சொந்தப் பணம் சேர்த்து, இயந்திரம் அமர்த்தி, ஊர்க் குளங்களை வெட்ட இறங்கினார்கள். அந்த முறை எந்தச் சட்டமும் அவர்களைக் கூப்பிடவில்லை.