கேம்பர் வேனில் வெந்நீர்க் குளியல்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, தங்கிப் பயணம் செய்ய ஏற்றபடி மாற்றிய வேனே கேம்பர் வேன். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் ஃபோக்ஸ்வேகன் வேனுக்காகச் செய்த ‘கேம்பிங் பாக்ஸ்’ இதன் முன்னோடிகளில் ஒன்று. அதில் படுக்கலாம், ஆனால் ஷவர் கிடையாது. அதே ஃபோக்ஸ்வேகன் 2019-இல் கொண்டுவந்த கிராண்ட் கலிஃபோர்னியாவிலோ ஷவருடன் கூடிய கழிப்பறையே இருக்கிறது. 110 லிட்டர் நன்னீர்த் தொட்டியும் உண்டு. சரக்கு வேனை வாங்கித் தாங்களே மாற்றிக்கொள்பவர்களும் ஐரோப்பாவில் ஏராளம். அவர்களுக்கு இடத்தைவிடப் பெரிய சிக்கல், தண்ணீரைச் சுட வைப்பது.

வெப்பக் கணக்கு

15 டிகிரி செல்சியஸ் தண்ணீரை ஓட்டத்திலேயே 40 டிகிரிக்குச் சூடாக்கி, நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் பெற ஏறக்குறைய 7 கிலோவாட் திறன் வேண்டும். வேனில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. அதிலிருந்து அவ்வளவு திறனை எடுத்தால் 580 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். வீட்டு இன்ஸ்டன்ட் கீசர் வேனுக்கு ஒத்துவராதது இதனால்தான்.

எனவே சிறிய பாய்லரில் கொஞ்சம் தண்ணீரை நிதானமாகக் காய்ச்சி, குளிக்கும்போது விளாவிக்கொள்வார்கள். 10 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட் மின்சாரத்துக்குச் சற்றே அதிகமான ஆற்றல் போதும். அதில் 8 லிட்டர் பச்சைத் தண்ணீர் சேர்ந்தால் 40 டிகிரியில் 18 லிட்டர் கிடைக்கும். நம் வீட்டில் ஒரு வாளி. நிமிடத்துக்கு 3 லிட்டர் விடும் ஷவரில் இது 6 நிமிடம் வரும். அமெரிக்காவில் வீட்டு ஷவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 9.5 லிட்டர். அந்த வேகத்தில் திறந்துவிட்டால் 2 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.

சூடாக்கும் வழிகள்

ஐரோப்பிய வேன்களில் பரவலாகக் காணப்படுவது ஜெர்மனியின் ட்ரூமா நிறுவனத்துக் ‘காம்பி’ ஹீட்டர். எரிவாயுவிலோ டீசலிலோ இயங்கும் இந்த ஒரே கருவி வேனுக்குள் வெப்பக் காற்றையும் அனுப்பும், 10 லிட்டர் தண்ணீரையும் சுட வைக்கும். ஒரு முறை காய்ச்ச 50 கிராம் அளவுக்கு எரிவாயு செலவாகும்.

இரண்டாவது வழி படகுகளிலிருந்து வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், 80 முதல் 90 டிகிரி சூட்டில், தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியே சுற்றிவரும். வண்டி ஓடினாலே வெந்நீர் தயார். எரிபொருளுக்குத் தனிச் செலவில்லை. ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிறுத்துபவர்களுக்காக இத்தொட்டிகள் பலவற்றில் 230 வோல்ட் ஹீட்டரும் இருக்கும்.

மூன்றாவது, வெயில். கறுப்பு வண்ணம் பூசிய 4 அங்குலக் குழாயை இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கூரையில் படுக்க வைத்தால் 16 லிட்டர் பிடிக்கும். சைக்கிள் பம்பால் காற்றடித்து அழுத்தம் ஏற்றுபவர்களும் உண்டு. மேகம் மூடினால் பச்சைத் தண்ணீர்தான்.

பொருத்துதல்

100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ எடை. அதனால் தொட்டியைத் தரையோடு ஒட்டி, இரு அச்சுகளுக்கும் நடுவில் வைப்பது நல்லது. ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்துக்கு நெடுங்காலமாக இருந்துவரும் 3.5 டன் வரம்பையும் மறக்கக் கூடாது. குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறைவதை உணர்ந்து 12 வோல்ட் பம்ப் தானே ஓடத் தொடங்கும். சோப்புப் போடும்போது நீரை நிறுத்த, ஷவர் தலையிலேயே ஒரு பொத்தான் இருக்கும்.

ஷவர் தட்டில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வடிகால் துளைகள் வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். வேன் சமதளத்தில் நிற்பது அரிது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு துளை பள்ளத்தில் இருக்கும். வடியும் நீர் அடியிலுள்ள கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும்.

எரிவாயு ஹீட்டரின் புகை வெளியேறத் தனிக் குழாயும், உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். அதற்காகக் கலப்பு வால்வு ஒன்றும் வேண்டும்.

குளிர்நாடுகளில் இன்னொரு சிக்கல், உறையும் நீர் பாய்லரை வெடிக்கச் செய்வது. ட்ரூமா கருவிகளோடு வரும் வால்வு, சுற்றுவெப்பம் 3 டிகிரி அளவுக்கு இறங்கினால் தானே திறந்து பாய்லர் நீரைத் தரையில் கொட்டிவிடும். 7 டிகிரியை எட்டும்வரை அதை மூட முடியாது. ஆகவே குளிர்காலக் காலையில் முதலில் வேனைச் சூடாக்கி, அதன் பிறகே பாய்லரை நிரப்ப வேண்டும்.