குளிரில் வெந்த கழுத்து

எனக்குப் பத்து வயதில் நடந்த சம்பவம் இது. எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே, நாய்கூட நிழல் தேடி அலையும் சீமை. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் பம்பரம் விட்டு வளர்ந்தவன் நான். உள்ளங்கால் சுட்டதுண்டு, தோல் வெந்ததில்லை. அந்த வருஷம் சித்தப்பா என்னைக் கோடைக்கானலுக்கு அழைத்துப் போனார். காலையிலிருந்து மாலை வரை ஏரியில் படகு, பாறை மேல் ஓட்டம். ஜிலுஜிலுவென்று காற்று. தொப்பி வாங்கித் தருகிறேன் என்றார் சித்தப்பா. "இங்கே ஏது சித்தப்பா வெயில்?" என்று சிரித்தேன்.

அன்றிரவு தலையணையில் கழுத்தை வைக்க முடியவில்லை. மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிச்சல். மறுநாள் கொப்புளம் கண்டது. பிறகு தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது.

"மலைக்காத்து அடிச்சிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள் அப்பத்தா. அதோடு விட்டாளா? "ஏற்கெனவே கறுப்பு, இன்னும் கறுத்துப் போச்சே புள்ளை!" என்று ஒரு பெருமூச்சு.

எரிச்சல் ஒரு வாரத்தில் போயிற்று. பெருமூச்சு போகவில்லை. கூடவே ஒரு கேள்வியும் தங்கிவிட்டது. சுடாத வெயில் என்னை எப்படிச் சுட்டது?

என்னைப் போலவே திகைத்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். எவரார்ட் ஹோம் என்ற அறுவை வைத்தியர். கறுப்பு நிறம் வெப்பத்தை அதிகம் வாங்கும். அப்படியானால் கறுத்த தோலல்லவா முதலில் வேக வேண்டும்? வெள்ளைத் தோல் கொப்புளிப்பானேன்? தம் இரு கைகளையும் வெயிலில் நீட்டினார். ஒன்றின் மேல் கறுப்புத் துணி, மற்றது வெறுங்கை. துணிக்கு அடியில்தான் சூடு அதிகம். ஆனால் வெந்தது வெறுங்கை! 1821-இல் இதை அவர் வெளியிட்டார்.

விடையின் ஒரு பாதி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1801-இல் ஜெர்மானியரான ரிட்டர், ஊதா நிறத்துக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். தோலைப் பொசுக்குவது அந்தப் புற ஊதாக் கதிர்தான் என்று 1889-இல் நிரூபித்தவர் ஸ்வீடன் தேசத்து விட்மார்க். குற்றவாளி சூடு அல்ல, ஒளி. ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அந்தக் கதிரைத் தடுப்பாரும் குறைவு. குளிர்காற்றோ நம்மை ஏமாற்றி வெயிலிலேயே உட்கார வைத்துவிடுகிறது. அப்பத்தா காற்றின் மேல் பழி போட்டது முழுப் பொய் அல்லதான்!

டென்மார்க்கின் ஃபின்சன், 1903-இல் நோபல் பரிசு பெற்ற வைத்தியர், இன்னொன்றும் செய்து பார்த்தார். கையில் பட்டையாகக் கறுப்பு மை தீட்டிக்கொண்டு வெயிலில் இருந்தார். மைக்கு அடியில் தோல் வெளுத்தே இருந்தது. இரு பக்கமும் சிவந்து, பின்பு கறுத்தது. மையைக் கழுவிவிட்டு மறுபடி வெயிலில் காட்டினார். இந்தத் தடவை வெந்தது வெளுத்த பட்டை. கறுத்த இடம் தாங்கிக்கொண்டது.

இதைப் படித்த அன்றுதான் அப்பத்தாவின் பெருமூச்சுக்குப் பதில் கிடைத்தது. கறுப்பு, தோல் தனக்குத்தானே பிடித்துக்கொள்ளும் குடை. ஆனால் அது சிறிய குடை. அடைமழைக்குத் தாங்காது, என் கழுத்தே சாட்சி. வெளிர்நிறத்தாருக்கு அந்தக் குடையும் இல்லை. பிள்ளைப் பருவத்தில் பட்ட வெயில் கொப்புளம், பிற்காலத்தில் தோல் புற்றுநோய்க்கு வழிவிடலாம். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் 1981-இல், சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஊரெல்லாம் பாட்டுக் கட்டிப் பிரசாரம் செய்தார்கள்.

நம் ஊரில் களத்துமேட்டுக்குப் போகிறவர் தலையில் முண்டாசு கட்டுவதும் அதே புத்திதான். நடுப்பகலில் நிழல், நெருங்கிய நெசவுத் துணி, ஒரு குடை. குளிராக இருந்தாலும், மேகம் போட்டிருந்தாலும், இவை வேண்டும்.

என் மகள் வெளியே புறப்படும்போது குடையை எடுத்துக் கொடுக்கிறேன். "கறுத்துப் போவாய்" என்று மட்டும் சொல்வதில்லை.