நான்கு பொருள், பல கண்டங்கள்: லெமன் கர்ட் வந்த வழி

லெமன் கர்ட்டில் சேர்வது நான்கே பொருள்: எலுமிச்சை, சர்க்கரை, முட்டை, வெண்ணெய். ரொட்டியில் தடவியோ, கேக்கின் நடுவில் வைத்தோ சாப்பிட்டிருப்பீர்கள். ஆங்கிலேயரின் மாலைத் தேநீரோடு ஒட்டிப் பிறந்த பண்டம் என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் எலுமிச்சையும் கரும்புச் சர்க்கரையும் இங்கிலாந்து மண்ணில் விளைந்தவை அல்ல. அவற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கதை இமயத்தின் அடிவாரத்தில் தொடங்கி, ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டம் வரை நீள்கிறது.

எலுமிச்சைக் குடும்பத்தின் பூர்வீகம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம். அசாம், வட மியான்மர், சீனாவின் யுன்னான் ஆகியவை அடங்கிய பகுதி. 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வும் அங்கேதான் கை காட்டியது. கர்ட்டுக்கு உதவும் பெரிய மஞ்சள் எலுமிச்சை ஒரு கலப்புப் பழம். தடித்த தோலுள்ள சிட்ரானும் கசப்பு ஆரஞ்சும் கூடிப் பிறந்தது. அந்தக் கசப்பு ஆரஞ்சோ பம்பளிமாஸும் கமலா வகையும் கலந்து உருவானது. 10, 11ஆம் நூற்றாண்டுகளுக்குள் அரபு வணிகர்களும் உழவர்களும் இந்தப் பழத்தை சிசிலியிலும் ஸ்பெயினிலும் வேரூன்ற வைத்தார்கள். இந்தியாவில் சர்க்கரையாகப் படிகம் கட்டப் பழகிய கரும்பும் அவர்கள் கை வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்தது. புளிப்பும் இனிப்பும் வழித்துணையாகவே மேற்கே போயின.

அடுத்த திருப்பம் 1747இல். ‘சாலிஸ்பரி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஈறு வீங்கி, உடல் தளர்ந்து கிடந்த 12 மாலுமிகளை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் விரைவாகத் தேறினார்கள். ஆனாலும் கடற்படை எல்லா மாலுமிகளுக்கும் எலுமிச்சைச் சாறு தர முடிவெடுக்க 1795 வரை ஆயிற்று. லிண்ட் சோதனை செய்த அதே 1747இல்தான் லண்டனில் ஹன்னா கிளாஸின் புகழ்பெற்ற சமையல் புத்தகமும் வெளிவந்தது. அதன் பதிப்புகளில் ‘லெமன் சீஸ்கேக்’ ஒன்று உண்டு. எலுமிச்சைத் தோலை வேகவைத்து இடித்து, சர்க்கரை, மஞ்சள் கரு, வெண்ணெய் சேர்த்து, மாவுக் கிண்ணத்தில் நிரப்பிச் சுடுவார்கள். கர்ட்டின் மூதாதை என்று இதைச் சொல்லலாம்.

1844இல் லேடி சார்லட் பரியின் சமையல் நூலில் வரும் லெமன் கர்ட் வேறு ரகம். பாலேட்டில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரியவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்த கட்டி அது. போகப் போகத் துணியும் போயிற்று, பால்கட்டியும் போயிற்று. இறுக வைக்கும் வேலையை முட்டையே முழுதாக ஏற்றுக்கொண்டது.

அந்த முறை இன்றும் மாறவில்லை. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணம். அடி தண்ணீரைத் தொடக்கூடாது. 3 பெரிய எலுமிச்சைகளின் சாறு, மஞ்சள் தோல் துருவல் (அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும்), 200 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், அடித்த 3 முட்டை. சிறுதீயில் கை ஓயாமல் கிளற வேண்டும். சர்க்கரை இருப்பதால் முட்டை சட்டென்று இறுகாது. ஆனாலும் தீ கூடினால் முட்டைப் பொரியல்தான் மிஞ்சும். மரக்கரண்டியின் முதுகில் கலவை படிந்து, விரலால் கோடிழுத்தால் கோடு அப்படியே நிற்கும்போது இறக்க வேண்டும்.

ஜாம் புட்டியிலேயே மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். கர்ட்டில் முட்டையும் வெண்ணெயும் இருப்பதால் அது சீக்கிரம் கெடும். அதனால்தான் ஊர் விட்டு ஊர் போனது பண்டத்தைவிட அதன் பக்குவம். போன இடத்துத் தோட்டத்துப் பழம் அந்தப் பக்குவத்தில் ஏறி உட்கார்ந்தது.

இங்கிலாந்திலேயே அப்படி ஏறிய பழம் பிராம்லி ஆப்பிள். 1809இல் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி விதையை ஊன்றி முளைத்த மரம் அது. பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக் கடைக்காரர் மேத்யூ பிராம்லி, ஒட்டுக்கிளை கேட்டு வந்தவரிடம் தன் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்றார். நட்டவள் பெயர் விடுபட்டது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை வரியை அறவே நீக்கியதும் சாதாரண வீடுகளிலும் இனிப்பு பெருகியது. பார்வைக்கு நெல்லிக்காய் போன்ற கூஸ்பெரியும் கர்ட் ஆயிற்று.

நியூசிலாந்துக்குக் குடியேறியவர்கள் இந்தப் பக்குவத்தை ‘லெமன் ஹனி’ என்ற பெயரில் வைத்துக்கொண்டார்கள். ஆக்லாந்தில் 1884இல் தொடங்கிய செல்சீ ஆலை ஃபிஜியின் சர்க்கரையைச் சுத்திகரித்தது. அந்த ஃபிஜித் தோட்டங்களுக்கு 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். பாரதியார் மனம் வெதும்பிப் பாடிய பெண்கள் அங்கே உழைத்தவர்கள்தான். நியூசிலாந்து வீடுகளின் பின்கட்டில் இன்று தழைக்கும் மேயர் எலுமிச்சையோ சீனத்துச் சரக்கு. பீக்கிங் அருகே தொட்டிச் செடியாக வளர்ந்ததை ஃபிராங்க் மேயர் 1908இல் அமெரிக்காவுக்கு அனுப்ப, அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

போலிகளும் பின்னாலேயே வந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் எலுமிச்சை கண்ணில் படவில்லை. சர்க்கரைக்கு 1940 முதல் பங்கீடு. எசென்ஸும் மாவும் கலந்து ‘லெமன் கர்ட்’ ஒப்பேற்றினார்கள். அது பஞ்ச காலத்து வழி. பங்கீடு முடிந்த பிறகும் கடைப் புட்டிகளில் சோளமாவும் குளுக்கோஸ் பாகும் இடம்பிடித்தே நிற்கின்றன. பிரிட்டனின் விதிப்படி கிலோவுக்கு 40 கிராம் கொழுப்பு இருந்தாலே போதும்; மேலே சொன்ன வீட்டுக் கணக்கில் அதைப்போல் நான்கு மடங்கு வரும்.

ஆகவே கடையில் வாங்கினால் சீட்டைத் திருப்பி, முட்டையும் வெண்ணெயும் எத்தனையாவதாக எழுதியிருக்கின்றன என்று பாருங்கள். அதைவிட, நீலகிரியிலோ கொடைக்கானலிலோ பேஷன் ஃப்ரூட் கொடி (அந்தப் பழமும் இந்தப் பக்குவத்துக்கு ஏற்றதே) வைத்திருப்பவர்களும் வீட்டில் எலுமிச்சை காய்ப்பவர்களும் ஒருமுறை கிளறிப் பார்க்கலாம். சுத்தமான புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.