சரக்கு யாருடையது? காஞ்சிபுரம் வட்டாரத்தில் தொலைவிற்பனையும் தொழில் ஆலோசனையும்

உத்திரமேரூர் வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரைக்கு அவை தேவைப்படவில்லை. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செய்யாற்றங்கரையில் இருக்கும் காவாந்தண்டலம் போன்ற ஊர்களுக்குச் செல்பேசி வழியாக இன்று வந்து சேரும் தொழில் ஆலோசனையே இங்கு ஆய்வுப் பொருள். 'முதலீடே வேண்டாம், வீட்டிலிருந்தே விற்கலாம், வாட்ஸ்அப் இருந்தால் போதும்' என்னும் பேச்சைக் கேட்காத வீடு இப்போது இல்லை. புதுயுகத்தின் குரலாக ஒலிக்கும் இந்தப் பேச்சுக்கு இவ்வட்டாரத்தில் நீண்ட முன்கதை உண்டு. தொலைவில் இருப்பவருக்கு விற்பதும் இங்கே பழையது, எப்படி விற்கலாம் என்று சொல்லிக்கொடுப்பதும் பழையது. ஒவ்வொரு கட்டத்திலும் லாபம் யாருக்கு என்பதைத் தீர்மானித்த கேள்வி ஒன்றே: விற்கும் சரக்கு யாருடையது?

காஞ்சிபுரத்து நெசவாளர் என்றுமே கையில் முதல் இல்லாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. உத்தமசோழன் காலத்துச் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டின் நெசவாளர் சேரிகள் கோயில் பொன்னை வட்டிக்கு ஏற்று, கோயில் காரியங்களையும் கணக்கையும் கவனித்ததைக் காட்டுகிறது. நம்பிப் பொன் கொடுக்கத்தக்கவர்கள் என்று அவர்களைக் கோயில் மதித்திருக்கிறது. விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் பிற ஊர்களின் கைக்கோள நெசவாளர்கள் பல்லக்கு, சங்கு உரிமைகளைக் கேட்கும்போது, காஞ்சிக் கைக்கோளருக்கு இருப்பதுபோல எங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள்.

ஐரோப்பியக் கம்பெனிகளின் காலத்தில் துணி கடல் கடந்து போனது. வணிகர் முன்பணம் கொடுப்பார், நெசவாளர் நெய்து கொடுப்பார். இந்த முன்பணத்தை அடிமைத்தளையாகவே பார்த்துப் பழகிய நமக்கு, பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூல் ஒரு திருத்தம் தருகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர் நினைத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். வணிகரால் அப்படி விலக முடியாது. சந்தையில் வேறு ஆள் கூடுதல் விலை கொடுத்தால் நெசவாளர் அங்கே போய்விடலாம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கமாக மாறிய பிறகு, ஆட்சி அதிகாரத்தைக் கொண்டு இந்த விலகும் உரிமையை உடைத்தது என்பது அவர் வாதம். 1734இல் சென்னைக்கு அருகே சின்னத்தறிப்பேட்டையை அமைத்து நெசவாளரைக் குடியேற்றியதும், பின்னர் வாலாஜாபாத் போன்ற இடங்களில் நெசவுக் குடியிருப்புகள் வளர்ந்ததும் அதே நூற்றாண்டில்தான். துணி எந்த நாட்டில் எந்த விலைக்குப் போகிறது என்ற விவரம் தறிக்காரர் வரை வரவில்லை. அது கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

தொலைவிற்பனையில் பொதுமக்கள் வரை வந்த முதல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது தபால் துறை. இந்தியாவில் வி.பி.பி. முறை 1877இல் தொடங்கியது. பொருள் தபாலில் வரும், வீட்டு வாசலில் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தைலம், கடிகாரம், புத்தகம் என்று தமிழ்ப் பத்திரிகை விளம்பரங்களை நிரப்பிய பொருள்கள் இந்த வழியில்தான் ஊருக்கு ஊர் போயின. எஸ்.எஸ். வாசன் சினிமாவுக்கும் பத்திரிகைக்கும் வருவதற்கு முன் விளம்பர ஏஜெண்டாகவும் தபால்வழி விற்பனையாளராகவும் இருந்தவர். 1928இல் அவர் ஆனந்த விகடனை எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டு 200 ரூபாய்க்கு வாங்கியதாகச் சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தவர் விளம்பரம் வரும் இடத்தையே வாங்கினார் என்பது கவனிக்க வேண்டியது. வாடிக்கையாளரின் முகவரி எங்கே சேர்கிறதோ அங்கேதான் வியாபாரத்தின் பிடி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்புகளில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இதுவே.

வி.பி.பி.க்கு ஒரு தீராத நோய் இருந்தது. ஆர்டர் கொடுத்தவர் பார்சல் வந்ததும் வேண்டாம் என்று சொன்னால், போக வரத் தபால் செலவு விற்றவர் தலையில் விழும். 2010இல் ஃபிளிப்கார்ட் 'கேஷ் ஆன் டெலிவரி'யை அறிமுகப்படுத்தியபோது அதே நோயும் கூடவே வந்தது. இப்போது அதற்கு 'ரிட்டர்ன்' என்று பெயர். சேலை விற்கும் வாட்ஸ்அப் குழுக்கள் எதிலும் மேலே ஒட்டி வைத்திருக்கும் விதிகளைப் படித்தால் இந்த வரலாறு புரியும்: 'நோ சிஓடி. பேமெண்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும். பார்சல் பிரிக்கும்போது ஓப்பனிங் வீடியோ மஸ்ட். வீடியோ இல்லையென்றால் டேமேஜ் ஏற்கப்படாது.' நான்கு வரியில் வி.பி.பி. காலத்திலிருந்து பட்ட அடிகளெல்லாம் இருக்கின்றன. எந்த ஆலோசகரும் வகுத்துத் தந்த விதிகளல்ல இவை. நஷ்டப்பட்டவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டவை.

விற்பனை ஒருபுறமிருக்க, முதலுக்கான வழியும் இதே ஊரில் தேடப்பட்டது. 1904இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டு அக்டோபரில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவானது. 1935இல் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு விற்பனை அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. கூட்டுறவுச் சங்கம் பட்டும் ஜரிகையும் கொடுக்கும், நெசவாளர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார், விற்பனையைச் சங்கமும் கோ-ஆப்டெக்ஸும் பார்த்துக்கொள்ளும். தனி முதலாளியிடம் நெய்தாலும் ஏற்பாடு இதேதான், கூலியிலும் போனஸிலும் வேறுபாடு உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டி 1928இல் தியாகராய நகரில் கடை வைத்தது போல, விற்பனை சென்னைக்கு நகர்ந்துகொண்டே போனது. தறி காஞ்சியிலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் தங்கியது.

கோர்வைச் சேலை நெய்வதை அருகிலிருந்து பார்த்தவருக்கு இந்த ஏற்பாட்டின் கனம் தெரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெசவாளர் தறிக்குழியில் உட்கார்ந்திருக்க, கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும், பெரும்பாலும் வீட்டுப் பெண் அல்லது பிள்ளை. ஒரு சேலைக்கு இரண்டு வாரமும் அதற்கு மேலும் ஆகும். பாவில் இருக்கும் பட்டு சங்கத்துடையது அல்லது முதலாளியுடையது, ஜரிகையும் அப்படியே. எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குகிறார்கள். தறியில் சுற்றியிருக்கும் துணியில் நெசவாளருக்குச் சொந்தமானது அவருடைய உழைப்பு மட்டும்.

இந்த இடத்தில்தான் 'நேரடியாக விற்றுப் பாருங்கள்' என்ற ஆலோசனை வந்து நிற்கிறது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2014 ஆகஸ்டில் மத்திய ஜவுளி அமைச்சகம் ஃபிளிப்கார்ட்டுடன் கைத்தறிப் பொருள்களை இணையத்தில் விற்க ஒப்பந்தம் செய்தது. 2015 ஆகஸ்ட் 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி தினத்தில், சென்னைப் பல்கலைக்கழக மண்டபத்தில் பிரதமர் 'இந்தியக் கைத்தறி' முத்திரையை வெளியிட்டார். ஒவ்வொரு விழா மேடையிலும் ஒரே வாக்கியம்: இடைத்தரகர் இல்லாமல் நெசவாளர் நேரடியாக வாடிக்கையாளரை அடையலாம். அடையலாம்தான், எதைக் கையில் எடுத்துக்கொண்டு? ஒரு பாவுக்குப் பட்டும் ஜரிகையும் சொந்தமாக வாங்க முதல் வேண்டும், சேலை விற்கும் வரை வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும். நெசவாளர் முத்ரா கடன் 6 சதவீத வட்டிக்கு அந்த ஓட்டையை அடைக்க வந்தது. ஆனால் பயிற்சி வகுப்புகளில் கடன் தனிப் பாடம், விற்பனை தனிப் பாடம் என்றே நடக்கின்றன.

கோ-ஆப்டெக்ஸ் 2010களின் முதற்பாதியில் செய்த ஒரு சிறு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் படமும் பெயரும் அனுபவமும் அச்சிட்ட அட்டை ஒன்றை இணைத்தார்கள். பிற்பாடு எல்லாச் சமூக ஊடக ஆலோசகர்களும் 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று ஓதப்போவதை இந்தக் கூட்டுறவு நிறுவனம் முன்கூட்டியே அட்டையில் செய்துவிட்டது. அட்டையால் நெசவாளருக்கு மதிப்புக் கூடியது. வாடிக்கையாளரின் எண் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆலோசனை தனித்தொழிலாக வளர்ந்த கதை வேறு. 1978இல் மாவட்டத் தொழில் மையங்கள், 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள், 1997இல் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோன மகளிர் திட்டம், 2001இல் சென்னையில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம். குழுப் பெண்களுக்கு ஊறுகாய், அப்பளம், பினாயில், மெழுகுவத்தி கற்றுக்கொடுத்த காலம் அது. எப்படிச் செய்வது என்று சொல்லித்தந்தார்கள், யார் வாங்குவார்கள் என்பதைக் கண்காட்சிக்கு விட்டுவிட்டார்கள். பத்திரிகைகளும் சுயதொழில் பக்கங்களைத் தாராளமாக ஒதுக்கின. யூடியூப் வந்தபின் பாடம் தலைகீழானது. என்ன செய்வது என்பதைக் கேட்காமலே எப்படி விற்பது என்று கற்றுக்கொடுக்கிறார்கள். சில வகுப்புகளில் விற்கப்படும் சரக்கே வகுப்புதான். அதன் எல்லை எதுவரை போகும் என்பதைக் கோவை 2024 ஜனவரியில் பார்த்தது: செல்பேசியில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன நிறுவனத்தின் மீது வழக்குப் பதிந்ததும், அதற்கு ஆதரவாக அதன் உறுப்பினர்களே ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

இதற்காக எல்லா ஆலோசனையையும் தள்ளிவிட முடியாது. சரக்கு சொந்தமாக இருப்பவருக்கு அது நன்றாகவே பலிக்கிறது. செய்யாற்றுப் பக்கத்து விவசாயி நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டால், விலை அரசு சொன்ன விலை. அங்கே மார்க்கெட்டிங்குக்கு வேலையில்லை. அதே விவசாயி கருப்புக் கவுனியோ தூயமல்லியோ மாப்பிள்ளைச் சம்பாவோ பயிரிட்டு, நெல்லாகவே வைத்திருந்து, ஆர்டர் வரவரக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து அனுப்பினால் நிலைமை மாறுகிறது. 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் திரட்டி விதை பரப்பியதால் இந்த அரிசிகளுக்குப் பெயர் இருக்கிறது. பெயர் இருக்கும் பொருளுக்கு இணையத்தில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2011இல் வந்த விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு உணவுத் தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாயில் பதிவு கொடுத்தன. இங்கே உதவும் அறிவுரை மிகச் சாதாரணமானது: பகல் வெளிச்சத்தில் படம் எடு, விலையை வெளியே போடு, அறுவடைத் தேதியை எழுது, வண்டு வராதபடி சிறு பையாக அனுப்பு, பழைய வாடிக்கையாளருக்கு அடுத்த போகத்தில் நீயே செய்தி போடு. ஃபேஸ்புக் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது இதற்கெல்லாம் பிறகு வரும் காரியம்.

சேலையில் இந்த வாய்ப்பைப் பிடித்தவர்கள் வேறொரு கூட்டம். 2016இல் யு.பி.ஐ.யும் மலிவு டேட்டாவும், 2018இல் வாட்ஸ்அப் பிசினஸும் வந்தபிறகு, சேலை நெய்யாத, கடையும் வைக்காத பெண்கள் படத்தை மட்டும் மறுபகிர்வு செய்து 'ரீசெல்லர்' ஆனார்கள். மேலே இருக்கும் மொத்த வியாபாரி தரும் விலையில் நூறோ இருநூறோ கூட்டித் தன் குழுவில் போடுவார், பார்சல் நேரே வாடிக்கையாளருக்குப் போகும். 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் தள்ளிப்போய்த் தறிகள் நின்றபோது இந்த வலைதான் பலருக்குக் கைகொடுத்தது. இவர்களிடமும் சரக்கு இல்லை என்பது உண்மை, ஆனால் நெசவாளரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: வாங்குகிறவரின் எண். கம்பெனியின் கணக்குப் புத்தகம் இப்போது ஆயிரம் கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கிறது எனலாம். இதே வலையில்தான் சூரத்து விசைத்தறியின் செயற்கை இழைச் சேலையும் 'காஞ்சிபுரம்' என்ற பெயரில் ஓடுகிறது. புவிசார் குறியீடு சட்டத்தில் இருக்கிறது, குழுவில் வரும் படத்தில் அது தெரிவதில்லை. 2004இல் தொடங்கிய பட்டு முத்திரைச் சீட்டைப் படத்தோடு சேர்த்துக் கேட்கும் வாடிக்கையாளர் சிலரே.

சட்டமும் இந்த வேறுபாடுகளைப் பாதி புரிந்துகொண்டு நடக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, இணையத்தளம் வழியாக விற்கும் எவரும் விற்பனை எவ்வளவு சிறிதானாலும் பதிவு செய்தாக வேண்டும் என்றிருந்தது. கடையில் விற்பவருக்கு இருந்த வரம்பு இவர்களுக்கு இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் அந்த நிபந்தனை சிறு விற்பனையாளருக்குத் தளர்த்தப்பட்டது, மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். காவாந்தண்டலத்திலிருந்து பதிவில்லாத ஒரு பெண் தளத்தின் வழியாக நாகர்கோவிலுக்குச் சேலை அனுப்பலாம், ஒரு காலைப் பயணத்தில் போய்ச் சேரும் திருப்பதிக்கு அனுப்ப முடியாது. அதே சேலை கைத்தறியாக இருந்து, தளம் எதுவும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் பேசி நேராக அனுப்பினால், 2017 செப்டம்பரில் கைவினைப் பொருள்களுக்குத் தந்த விலக்கின்படி மாநில எல்லையைத் தாண்டலாம். பான் எண்ணும் இ-வே பில்லும் வேண்டும், ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பட்டையும் ஜரிகையையும் தானே வாங்கி நெய்யும் நெசவாளர் ஒருவருக்கு இன்று இருக்கும் மிக எளிய வழி இதுவே. விற்பனைப் பயிற்சி வகுப்பில் முதல் அரைமணி நேரத்தில் சொல்லிவிடக்கூடிய செய்தி.